4 டிபி டிஸ்க் ஏன் 2 டிபி காட்டுகிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய டெல் ஆர்710 சர்வர், 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6 இடம். தை முகூர்த்தத்தோடு இடம் நிரம்பிவிட்டது. புது 4 டிபி சாட்டா டிஸ்க் போட்டால் 2 டிபிதான் காட்டுகிறது. சர்வீஸ் பார்ப்பவர், "போர்டே பழசு, புது சர்வர் எடுங்க, இல்லைன்னா டேட்டா சென்டர்ல கழிச்ச எஸ்ஏஎஸ் டிஸ்க் மலிவா தாரேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போர்டும் நன்றாக இருக்கிறது, உங்கள் டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது. நடுவில் இருந்து டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டுதான் முட்டுக்கட்டை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது டெல்லின் பெர்க் 6/ஐ. டிஸ்க்கை அது 512 பைட் துண்டுகளாக எண்ணும். 429 கோடிச் சொச்சத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. பெருக்கிப் பாருங்கள், 2.2 டிபி வரும். மீதி இடம் அதற்குத் தெரியாது.

பழைய பெர்க் ஹெச்700 கார்டு ஒன்று வாங்குங்கள். கூடவே அதற்குரிய கேபிளையும் கேட்டு வாங்குங்கள். 6/ஐ கேபிள் அதில் மாட்டாது. போட்டதும் முதல் வேலை, கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது. 2010-ல் இந்தக் கார்டு வந்த புதிதில் தன் முத்திரை இல்லாத டிஸ்க்கை டெல் ஏற்கவிடவில்லை. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான் புது ஃபர்ம்வேரில் தளர்த்தியது. காசு கொடுத்து வாங்கியவன் எந்த டிஸ்க் போடுவது என்று அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமாம்! அப்புறம், பழைய கார்டில் பேட்டரி செத்திருந்தால் எழுதும் வேகம் படுத்துவிடும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

இப்போது அந்த எஸ்ஏஎஸ் டிஸ்க் விஷயம். நீங்கள் வாங்கிய சாட்டா சாதாரண கம்ப்யூட்டரிலும் மாட்டுகிற வகை, எஸ்ஏஎஸ் சர்வர்களுக்கான வகை. உங்கள் சர்வரில் எஸ்ஏஎஸ் ஓடும், அதில் தப்பில்லை. ஆனால் பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து உருவியவை பல, 512-க்குப் பதில் 520 பைட் துண்டாக வடிவமைத்தவை. கூடுதல் 8 பைட் அந்தப் பெட்டியின் சரிபார்ப்புக்கு. உங்கள் ரெய்டு கார்டு அதைத் தொடாது. அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக்கு இப்படி ஆறு டிஸ்க் வந்து இறங்கியது. ஆறிலும் பச்சை விளக்கு எரிந்தது, ஒன்றுகூட எடுபடவில்லை. விற்றவரைக் கேட்டால், "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, உங்க சர்வர்தான் சரியில்லை" என்றார். ரெய்டு இல்லாத வேறு கார்டில் மாட்டி, லினக்ஸில் எஸ்ஜி_ஃபார்மேட் என்ற கட்டளையைப் போட்டு 512-க்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் ஆனது. நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. மலிவில் மிச்சம் பிடித்ததை என் கூலி தின்றுவிட்டது.

"ஜீரோ ஹவர்" என்று சொல்லி விற்பதையும் நம்பாதீர்கள். ஓடிய மணிக்கணக்கை அழித்துப் புதிதுபோல விற்கிறார்கள். 2025 தொடக்கத்தில் சீகேட் டிஸ்க்குகளில் இந்த மோசடி வெளிவந்தது. வெளிக்கணக்கை அழித்தவர்கள், உள்ளே இருந்த ஃபார்ம் என்ற பதிவேட்டை விட்டுவிட்டார்கள். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அதைப் படிக்கும். சீகேட் டிஸ்க்கை வாங்கிய அன்றே சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டி, இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு ஏற்றது புது சாட்டா டிஸ்க். சீகேட் அயர்ன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி ரெட் பிளஸ், 4 டிபி. வெறும் 'ரெட்' என்று நீட்டினால் வாங்காதீர்கள். அது தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை. ரெய்டில் ஒரு டிஸ்க் போய் மாற்று டிஸ்க்கை நிரப்பும்போது நொண்டும்.

ஆறையும் ரெய்டு 6-ல், அதாவது இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் முறையில் போட்டால் 16 டிபி கிடைக்கும். விண்டோஸ் எண்ணும் முறை வேறு என்பதால் அதை 14.5 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். அதில் 100 ஜிபியை ரெய்டு கார்டிலேயே தனி டிஸ்க்காக வெட்டி விண்டோஸுக்கு விடுங்கள். மொத்தத்தையும் ஒரே துண்டாக வைத்தால், சர்வரைத் துவக்கும் பழைய பயாஸ் மென்பொருளால் அதிலிருந்து விண்டோஸைத் துவக்க முடியாது. மிச்சத்தை, 2 டிபிக்கு மேலும் எண்ணத் தெரிந்த ஜிபிடி முறையில் வடிவமையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இருக்கிற வீடியோ முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். கார்டு மாற்றும்போது பழைய ரெய்டு அப்படியே வந்துவிடும் என்று யாராவது சொன்னால், போனால் அவர் தருவாரா என்று கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வண்ணார்பேட்டையில் வேறு கடை இல்லையா என்ன?