மெல்லிய தகடும் காந்தமும்

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரிக் கண்காட்சியில் காந்தத்துக்கு மேலே ஒரு வட்டத் தகடு அந்தரத்தில் நின்றது. அதில் பூசியிருக்கும் மீக்கடத்தி (நன்றாகக் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) 1 மைக்ரான் கனம்தான் என்றார்கள். இத்தனூண்டு பூச்சு எப்படிக் காந்தத்தைத் தடுக்கிறது? மின்னோட்டம் அதில் எங்கே ஓடுகிறது?
- மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, அந்தத் தகடு காந்தத்தை முழுசாகத் தடுக்கவே இல்லை. தடுத்திருந்தால் அங்கே நிற்காது, வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

கட்டியான மீக்கடத்தியில் மின்னோட்டம் மேல்தோலோடு சரி. காரீயத்தில் அந்தத் தோல் சுமார் 40 நானோமீட்டர். அதற்கு உள்ளே காந்தப்புலம் கிடையாது. மெல்லிய தகட்டில் கதை வேறு. வாய்க்காலில் மடைப்பலகையை நீரோட்டத்தோடு நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் கண்டுகொள்ளாது. குறுக்கே பிடித்தால் இரண்டு ஓரத்திலும் சீறும், மண்ணை அரிக்கும். தகட்டுக்குச் செங்குத்தாக வரும் புலமும் அப்படி விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்புகிறது. அதைச் சமாளிக்க மின்னோட்டம் தகட்டின் அகலம் முழுக்க வட்டமடிக்கிறது. நட்டநடுவில் பூஜ்யம், ஓரத்தில் எக்கச்சக்கம்.

ஓரம் தாங்காதபோது புலம் நூல் நூலாக உள்ளே நுழையும். ஒவ்வொரு நூலிலும் அதே 2.07×10⁻¹⁵ வெபர் (காந்தப்பாயத்தின் அலகு), கூடவும் இல்லை குறையவும் இல்லை. நூலைச் சுற்றி ஒரு மின்சுழல். பூச்சில் இருக்கும் குறைகளில் இவை மாட்டிக்கொள்வதால்தான் தகடு நின்றது. குறையே இல்லாத பூச்சு இந்த வித்தைக்கு உதவாது!

பூச்சு இன்னும் மெலிந்தால் அந்த மின்சுழல் எவ்வளவு தூரம் பரவும் என்று 1964இல் ஜூடியா பேர்ல் என்ற ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டார். புலம் ஊடுருவும் ஆழத்தின் (மேலே சொன்ன தோலின் கனம்) வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, கனத்தால் வகுக்க வேண்டும். ஆழம் 100, கனம் 10 நானோமீட்டர் என்றால் விடை 2,000 நானோமீட்டர். மெலிய மெலிய, சுழல் அகலமாகப் பரவுகிறது. இந்த பேர்லுக்குத்தான் பிற்பாடு செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காக 2011ஆம் ஆண்டின் டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) கிடைத்தது. இயற்பியலுக்கு நஷ்டம் என்பது என் கட்சி.

அப்புறம், தகட்டைக் குளிரவைக்க அங்கே புகைந்தது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. நம்மூர் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகளைப் போட்டு வைக்கிற கேனில் இருப்பதும் அதுதான். அடுத்த முறை, தகட்டைக் காந்தத்தின் அருகிலேயே வைத்துக் குளிரவைக்கச் சொல்லுங்கள். புலம் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போதே நூல்கள் மாட்டிக்கொள்ளும். காந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தகடு கீழே தொங்கும். வட்டக் காந்தமாக இருந்தால் விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள்: அச்சில் ஜோராகச் சுற்றும், பக்கவாட்டில் நகர்த்தினால் மட்டும் அடம்பிடிக்கும்.