பிரசவத்துக்கு முன்னால் ஒரு தாள்: வாசகிகள் கேள்வி, டாக்டர் பதில்

தலைப்பிரசவம், ஏழு மாதம் முடிந்துவிட்டது. பிரசவ நேரத்தில் எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று பிரசவத் திட்டம் எழுதப் போகிறேன் என்றால், "பிள்ளை பெறுவதை எழுதியா வைப்பார்கள்?" என்கிறார் அப்பத்தா. பிரயோஜனம் உண்டா? (காரைக்குடி)

உண்டு. அப்பத்தா காலத்தில் வளவு வீட்டிலேயே, பழகிய மருத்துவச்சி கையில் பிள்ளை பிறந்தது. அவளிடம் எதையும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நீங்கள் போகிற ராத்திரி டியூட்டியில் இருப்பவரோ உங்களை முன்பின் பார்க்காதவராக இருக்கலாம், வலி அடுக்கடுக்காக வரும்போது வாயில் வார்த்தையும் வராது. எங்கள் வார்டுக்கு ஒரு பெண் ஸ்கேன் ஃபைலுக்குள் நாலாக மடித்த நோட்டுத் தாளோடு வந்தாள். மூன்றே வரி: "முடிந்தவரை நடக்க விடுங்கள். வெட்டித் தையல் போடுவதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எனக்கு ஊசி என்றால் ரொம்பப் பயம்." கடைசி வரியைப் படித்த நர்ஸ், ஊசி டிரேயைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை வெளியே வர வழி பெரிதாக, பிறப்புறுப்பு வாயில் வெட்டுவதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலே சொல்கிறது, அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 34, 36 வாரத்தில் அந்தத் தாளை உங்கள் டாக்டரிடம் காட்டி, எது முடியும் எது முடியாது என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாதிப் பிரயோஜனம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

போன தடவை "நார்மல் மட்டும்" என்று எழுதிக் கொடுத்தும் சிசேரியன் ஆகிவிட்டது. தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. மறுபடி எழுதணுமா? (தேவகோட்டை)

நீங்கள் தோற்கவில்லை அம்மா. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால் தாளைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது. இந்தத் தடவை "சிசேரியன் ஆனால்" என்று தனியாக ஒரு பகுதி எழுதுங்கள்: குழந்தையை முதலில் யார் கையில் கொடுப்பது, எவ்வளவு சீக்கிரம் உங்கள் மார்பில் போடுவது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க யார் உதவுவது. நார்மலுக்கு முயலலாமா என்பது போன தடவை ஏன் ஆபரேஷன், எந்த மாதிரி வெட்டு என்பதைப் பொறுத்தது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போய்க் கேளுங்கள். முயல்வதானால் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கிற இடத்தில் மட்டும்தான்.

கணவர் சிங்கப்பூரில். கூட இருக்க அம்மாவும் அத்தையும் போட்டி, பிறந்ததும் குழந்தை நாக்கில் சேனை (சர்க்கரைத் தண்ணீரோ தேனோ) வைக்கணும் என்று வேறு பேச்சு. (கானாடுகாத்தான்)

ஒரு பெயரை மட்டும் எழுதுங்கள், அதை இப்போதே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். வலியில் முதுகைத் தேய்த்துவிட்டு, பதறாமல் இருக்கக்கூடியவர் யாரோ அவர்தான். கணவர் இல்லையே, கையெழுத்து யார் போடுவது என்று தவிக்க வேண்டாம், சுயநினைவோடு இருக்கும்வரை சம்மதம் உங்களுடையது.

சேனை வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேன் ஒரு வயது வரை ஆபத்து. "தாய்ப்பால் மட்டும்" என்று தாளில் இருந்தால் நர்ஸே சொல்லிவிடுவார், வீட்டில் யாருக்கும் மனவருத்தம் வராது.

எத்தனை பக்கம்? (பள்ளத்தூர்)

ஒன்றே ஒன்று, தமிழிலேயே எழுதுங்கள். மேலே ரத்த குரூப், ஒத்துக்கொள்ளாத மருந்து, வண்டிக்காரர் நம்பர், ராத்திரியில் அவர் எடுக்காவிட்டால் 108. ஒரு காப்பி ஃபைலில், இன்னொன்று கூட வருபவர் பையில்.