கறுப்பு அங்கியும் ஏரிக்கரை நோட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஆட்டம் போடுவதைப் பார்த்துவிட்டு, "நமக்கு எப்போதம்மா லீவு?" என்று சின்னவன் கேட்டான். அதனால் மே முதல் வாரத்தில் மொட்டை மாடியில் பந்தல் போட்டு ஒரு பட்டமளிப்பு விழா நடத்தப் போகிறோம். கறுப்பு அங்கி, தொப்பி, சான்றிதழ், கோப்பை, கேக் எல்லாவற்றுக்கும் சொல்லியாகிவிட்டது. (மகள் ஞாயிறுதோறும் அப்பாவுடன் சிங்காநல்லூர் ஏரிக்குப் போய்ப் பறவைகளைக் குறித்துவருகிறாள். ஒரு வருட நோட்டு முடிந்துவிட்டது. அதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு.) மகன்தான் உருப்படியாக எதையும் முடிக்கவில்லை. பரிசளிக்க நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா? பள்ளிக்கு அனுப்பாதது சட்டப்படி குற்றம் என்று உறவினர்கள் மிரட்டுகிறார்கள். அது உண்மையா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. 14 வயது நிரம்பினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவுசெய்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். இதை உறவினர்களிடம் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. மழலையர் பள்ளிக் குழந்தைகள் கறுப்பு அங்கியோடு வாசலில் வரிசையாக நின்று வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஐரோப்பாவின் குளிரில் கல்மண்டபங்களில் உட்கார்ந்து படித்தவர்களின் உடை அது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. அந்த வாரத்தில் மொட்டை மாடியில் ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்புத் துணியா? பள்ளிக்கூடம் வேண்டாம் என்று துணிந்து வெளியே வந்தவர் நீங்கள். அதன் மிக மோசமான சரக்கை மட்டும் ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள்? பாடம் சொன்னவர், திருத்தியவர், பட்டம் கொடுப்பவர், கைதட்டுபவர் எல்லாம் நீங்களே என்றால் அந்தப் பட்டத்தைக் குழந்தை எப்படி நம்பும்?

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். நான் படித்த பள்ளியில் ஆண்டு முடிவுக்கென்று எதுவும் கிடையாது. கடைசித் தேர்வன்று ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி அடி வாங்குவோம். ஆனால் அதே கோடையில்தான் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் பாட்டைப் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து. முதல் நாள்களில் கூட்டமே இருக்காது. நாலைந்து கிழவர்களும் எங்களைப் போன்ற பொடியன்களும்தான். அர்ச்சுனன் தபசுக்கு ஊர் கூடிவிடும். உயரமான மரத்தின் மேலே பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார் கூத்தாடி. பிள்ளையில்லாத பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகத் தரையில் கிடத்தியிருப்பார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பாக வழியும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி.

என் பெரியப்பா கை நாட்டு. ஒரு பிற்பகல்கூட விடாமல் உட்கார்ந்து கேட்பார். கூந்தல் முடிகிறபோது அவர் அழுதது பக்தியால் மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பெரிய கதையை முதலிலிருந்து முடிவுவரை கூடவே வந்து முடித்த மனிதரின் அழுகை அது. படுகளத்தன்று மட்டும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து முன்வரிசையில் நிற்கும் பெரிய மனிதர்களை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். பத்து வயதுப் பெண் ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போயிருக்கிறாள். நொய்யல் தண்ணீர் வந்து நிற்கும் ஏரி அது. கூழைக்கடா எந்த மாதம் அதிகம், நாமக்கோழி எங்கே ஒதுங்குகிறது, ஆகாயத்தாமரை மூடினால் எது காணாமல் போகிறது என்றெல்லாம் அவளுக்கு இன்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேக்குக்கு ஒரு வரியில் இடம் கொடுத்துவிட்டு இதை அடைப்புக்குறிக்குள் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதற்கு "ஒரு சான்றிதழ் உண்டு" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பள்ளி காலண்டரில் ஏப்ரல் கிழிந்ததற்கு உங்கள் வீட்டில் விழா எதற்கு? நோட்டின் கடைசிப் பக்கம் எழுதியாகிவிட்டது, அதுதான் விழா. அது ஆகஸ்டில் முடிந்திருந்தால் ஆகஸ்டில் கொண்டாடியிருக்க வேண்டும்.

அந்த ஏரிக்கரையில் தினமும் நடப்பவர்கள் இருப்பார்கள், டீக்கடைக்காரர் இருப்பார், வலை போடுகிறவர்கள் இருப்பார்கள். அவளுக்குப் பறவையைக் காட்டி, ஊர்ப்பெயர் சொன்ன யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். ஒரு ஞாயிறு காலை அவர்களைக் கூப்பிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் அவள் நோட்டை வாசிக்கட்டும். முழுவதும் வேண்டாம், அவளுக்குப் பிடித்த மாதம் ஒன்று போதும். நடுவில் யாராவது "அது அந்தப் பறவை இல்லை பாப்பா" என்று மறுத்துப் பேசினால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். அவளே பதில் சொல்லட்டும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இருவரையும் கடைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

சின்னவன் எதையும் முடிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பாதி இரவுக் கூத்தை நான் சாக்கில் படுத்துத் தூங்கித்தான் தொலைத்தேன். அக்காவுக்குக் கொடுப்பதால் அவனுக்கும் ஒரு பொய்க் கோப்பை என்று மட்டும் செய்துவிடாதீர்கள், அவனுக்கே அது தெரியும். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படையுங்கள். யாருக்கு எத்தனை கரண்டி என்பதையும் அவனே முடிவு செய்யட்டும்.