'இன்ஸ்டிட்யூட்' என்பதை வினைச்சொல்லாக எப்படிப் பயன்படுத்துவது?

'ஹி இன்ஸ்டிட்யூட்டட் எ கம்பெனி' என்று எழுதலாமா, அகராதியில் 'நிறுவு' என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம். வம்பே அந்த 'நிறுவு'தான். ஃபவுண்ட், எஸ்டாப்ளிஷ், இன்ஸ்டிட்யூட் மூன்றுக்கும் தமிழில் அதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்திலோ ஒவ்வொன்றும் தனக்கென்று சில செயப்படுபொருள்களை வைத்திருக்கிறது.

இன்ஸ்டிட்யூட் கேட்பது ஓர் ஏற்பாட்டை: விதி, நடைமுறை, சீர்திருத்தம், விசாரணை, வழக்கு, விருது. தமிழில் 'நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்', 'வழக்குத் தொடுத்தார்கள்', 'விருதை ஏற்படுத்தினார்கள்' என்று சொல்லத் தோன்றினால் இந்தச் சொல் பொருந்தும். கம்பெனி, பள்ளி, ஊர் என்றால் ஃபவுண்ட் அல்லது எஸ்டாப்ளிஷ். குழு அமைப்பதற்கு கான்ஸ்டிட்யூட். பேச்சில் செட் அப் போதும்.

விருது விஷயத்தில் ஒரு நுணுக்கம். இன்ஸ்டிட்யூட் என்பது ஏற்படுத்துவதை மட்டும் குறிக்கும், வழங்குவதை அல்ல. நோபல் பரிசுக்கு வித்திட்ட உயில் 1895-ல் எழுதப்பட்டது. பரிசு முதன்முதலில் வழங்கப்பட்டது 1901-ல். இந்த 1901-க்கு அவார்டட் என்றுதான் வர வேண்டும்.

அதிகம் தவறுவது வாக்கிய அமைப்பில். இது செயப்படுபொருள் குன்றாவினை. 'த நியூ ரூல் இன்ஸ்டிட்யூட்டட் லாஸ்ட் இயர்' என்று முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் முடியாது; 'சென்ற ஆண்டு கொண்டுவரப்பட்ட புதிய விதி' என்று அந்தரத்தில் நிற்கும். 'வாஸ் இன்ஸ்டிட்யூட்டட்' வேண்டும். வழக்கென்றால் 'இன்ஸ்டிட்யூட் ப்ரொசீடிங்ஸ் அகெய்ன்ஸ்ட்'. தமிழில் 'அவர் மேல் வழக்கு' என்கிறோமே என்று அங்கே 'ஆன்' போடக் கூடாது.

கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று சிலர் 'இன்ஸ்டிட்யூஷனலைஸ்' போடுவார்கள். அது வேறு: ஒரு வழக்கத்தை அமைப்புக்குள் வேரூன்ற வைப்பது, அல்லது ஒருவரைக் காப்பகத்திலோ மனநல விடுதியிலோ சேர்ப்பது. புதிய விடுப்பு விதியை யாரும் காப்பகத்தில் சேர்ப்பதில்லை.

சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் இன்ஸ்டிட்யூட் விறைப்பாக ஒலிக்கும். இன்ட்ரொட்யூஸ் எழுதுங்கள். சுற்றறிக்கை, சட்ட ஆவணம் என்றால் இன்ஸ்டிட்யூட் போடத் தயங்க வேண்டாம்.

ஃபவுண்டுக்கு மாறும்போதும் கவனம்: இறந்தகாலம் ஃபவுண்டட். 'ஹி ஃபவுண்ட் எ ஸ்கூல்' என்றால் பள்ளி எங்கேயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தார் என்றாகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியை நம்ப முடியாது.