கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் போறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

கேள்வி: அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நெல்லையிலருந்து பைக்ல கொற்கை துறைமுகம் பாக்க வாறோம், பீச் பக்கம் ரூம் கிடைக்குமா?

பதில்: தம்பி, கொற்கையில கடலே கிடையாது. பாண்டியனுக்கு முத்து குடுத்த துறைதான், பெரிப்ளூஸ்ங்கிற பழைய கடல்வழிக் குறிப்ப எழுதுன கிரேக்கக்காரன் தண்டனைக் கைதிகள வச்சி அங்கன முத்து குளிச்சாவன்னு எழுதி வச்சிருக்கான், ஆனா தாமிரபரணி வண்டல கொண்டாந்து கொட்டிக் கொட்டி கடல 6, 7 கிலோமீட்டர் தள்ளிட்டு. இப்ப இருக்கது வயக்காடு, வாழை, ஒரு பழைய வன்னி மரம், அக்கசாலைப் பிள்ளையார் கோயில். அக்கசாலைன்னா காசு அடிக்கிற எடம், பேர்லயே வரலாறு கிடக்கு. கடல் தள்ளிப்போவ துறைமுகமும் அது பின்னாலயே போச்சு, கொற்கைக்குப் பொறவு காயல் (இப்பத்த பழையகாயல்தான்), அதுக்குப் பொறவு போர்ச்சுகீசியன் காலத்துல புன்னைக்காயல். அதனால ஏரல், கொற்கை, முக்காணி, பழையகாயல், ஆத்தூர், புன்னைக்காயல்னு ஆத்தோடயே வாங்க. வயல்ல கிடக்க பானை ஓட்ட பொறுக்கி பைக்குள்ள போடாதீய.

கேள்வி: அது தூத்துக்குடி மாவட்டம்லா?

பதில்: 1986-லதான் பிரிச்சாவ. எங்களுக்கு நெல்லைச் சீமைதான்.

கேள்வி: மணப்பாடும் அதே நாள்ல முடியுமா?

பதில்: முடியாது. அதுக்கு தனியா ஒரு நாள் வைங்க.

கேள்வி: மொதல் தமிழ் புத்தகம் அச்சானது புன்னைக்காயல்லன்னு சொல்லுதாவளே?

பதில்: தம்பிரான் வணக்கம் அச்சானது 1578, கொல்லத்துல. அத தமிழ்ல ஆக்குன போர்ச்சுகீசியப் பாதிரி அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயல்ல வாழ்ந்தவரு, ரெண்டையும் கொழப்பிக்கிடுதாவ. அங்க போனா கழிமுகத்துல மட்டும் எறங்காதீய, ஆறும் கடலும் இழுக்க இழுப்பு கரையில நின்னா தெரியாது.

கேள்வி: கொற்கை பீச்சுல குளிக்கலாமா?

பதில்: மொத பதில படிங்க.

கேள்வி: மார்க்கோ போலோ சொன்ன காயல் எங்க காயல்பட்டினம். நீங்க பழையகாயல்ங்கிறீங்க, இது நியாயமா?

பதில்: வாங்க, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கால்டுவெல் ஐயர் பழையகாயல் பக்கம் தோண்டிப் பாத்துட்டு, சீனப் பீங்கான் ஓடும் அரபுநாட்டு ஓடும் செதறிக் கிடக்குன்னு எழுதியிருக்காரு. ஏடனிலருந்தும் ஹோர்முஸிலருந்தும் குதிரை வந்து எறங்குன ஊர்ல வேற என்னய்யா கிடக்கும்?

கேள்வி: ஓடு எங்கயும் கிடக்கும். எங்க ஊர்ல பழைய பள்ளிவாசலும் எழுத்து வெட்டுன மீசான் கல்லும் (கல்லறைக் கல்லு) இருக்கே?

பதில்: இருக்கு, இல்லங்கல, ரெண்டு தடவ வந்து பாத்திருக்கேன். அரபு வியாபாரி குடியிருந்தாங்கிறதுக்கு அது சாட்சி. கப்பல் ஒதுங்குன எடம் ஆத்து வாய்ங்கிறேன். குடியிருப்பு ஒரு பக்கம், துறை ஒரு பக்கம்னு இருந்திருக்கலாம்லா?

கேள்வி: அப்போ பாதி எங்களுக்கு!

பதில்: பாதி எடுத்துக்கோங்க. குதிரைய மட்டும் தரமாட்டேன்.

கேள்வி: சார், கொற்கையில போட்டிங் உண்டா?

பதில்: வாழைக்குத் தண்ணி பாயும்போது வாங்க வே, வரப்புல ஒரு பேப்பர் கப்பல் விட்டுட்டுப் போவலாம்.