பில்லில் சந்தேகம், கேட்டால் கூச்சல்

கேள்வி: ஒரு நிறுவனத்தில் ஹெச்.ஆர். அதிகாரியாக இருக்கிறேன். விற்பனைப் பிரிவு ஊழியர் ஒருவர் கொடுக்கும் பயணச் செலவு பில்கள் போலி என்று கணக்குப் பிரிவு சந்தேகப்படுகிறது. லேசாக விசாரித்ததற்கே கத்தினார், அழுதார், "உங்கள் மேல் புகார் கொடுப்பேன்" என்றார். அவர் பொய் சொல்வது முகத்திலேயே தெரிகிறது. அவருடைய மேனேஜரோ, "நல்லா பிசினஸ் கொண்டு வர்றவர், விட்டுடுங்க" என்கிறார். ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். "எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் போலீஸ்" என்று வாங்கும் ராஜினாமா, நாளை மிரட்டி வாங்கியதாகவே பார்க்கப்படும். அவர் தவறு செய்யாதவராகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் நீங்கள் செய்தது பெரும் அநியாயம்.

முகத்தில் தெரிகிறது என்பதையும் விட்டுவிடுங்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 100-க்கு 54 முறைதான். காசைச் சுண்டினாலே 50 வந்துவிடும். பயந்த நேர்மையானவரும் தடுமாறுவார், அழுவார், கத்துவார். உங்களுக்குக் கை கொடுக்கப்போவது காகிதம்தான்.

அவரிடம் மறுபடி பேசுவதற்கு முன்பே காகிதத்தைத் திரட்டுங்கள். கடந்த ஆறு மாத பில்களின் மூலப் பிரதிகளைக் கணக்குப் பிரிவிலிருந்து எழுத்துமூலம் பெற்றுப் பூட்டி வையுங்கள். நகலில்தான் வேலை செய்ய வேண்டும். வருகைப் பதிவு, விடுப்பு, வாடிக்கையாளர் சந்திப்புக் குறிப்பு ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே அட்டவணையில் பில்களின் பக்கத்தில் வையுங்கள். விடுப்பு நாளில் டாக்சி பில் இருக்கிறதா? வெவ்வேறு வாரங்களின் பில்கள் அடுத்தடுத்த எண்களில் வருகின்றனவா? ஒரே பயணத்துக்கு இருமுறை பணம் கேட்கப்பட்டிருக்கிறதா? பில் தேவைப்படாத வரம்புக்குச் சற்றே கீழே தொகைகள் குவிகின்றனவா? அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டையின் பதிவுகளும் கேமரா பதிவுகளும் பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதனால் அவற்றைச் சேமிக்கச் சொல்வது முதல் நாள் வேலை. ஒன்றை மறக்காதீர்கள்: அதே பிரிவில் மற்றவர்களின் பில்களையும் இதே சல்லடையில் சலியுங்கள். எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்றால் பிரச்சினை அவர் ஒருவருடையது அல்ல.

பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். "மோசடி செய்தீர்கள்" என்று எழுதாமல், எந்தத் தேதி, எந்த பில், எவ்வளவு தொகை, எந்தப் பதிவோடு முரண்படுகிறது என்று எழுதி நகல்களை இணையுங்கள். படித்துத் தயாராக இரண்டு மூன்று நாளாவது கொடுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவர உங்கள் சட்டமோ விதிகளோ இடம் தருகின்றனவா என்று பார்த்து அதையும் கடிதத்திலேயே சொல்லுங்கள்.

சந்திப்பில் உங்கள் தரப்பில் இருவர் போதும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. முதலில், "செலவுக்குப் பணம் கேட்பது எப்படி என்று தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்று பேசவிடுங்கள். ஆவணங்களைப் பிறகு ஒவ்வொன்றாக வைத்து, "இது எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் இந்த அறையில் அதிகம் நடக்கும் தவறு. கத்தினால் குரலை உயர்த்தாதீர்கள். "பத்து நிமிடம் நிறுத்துவோம்" என்று எழுந்துவிடுங்கள். திரும்பவும் கத்தினால் வேறு நாள் குறியுங்கள். முடிந்ததும் எழுதியதைப் படித்துக்காட்டிக் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால், "படித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்" என்று குறித்து, எழுதியவர் கையெழுத்திட்டால் போதும்.

அவருடைய கூச்சலை இந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள். அது தனி விஷயம். பில் பொய் என்பதற்கு ஆதாரமும் அல்ல. அதை எழுதும்போது "திமிராக நடந்தார்" என்று எழுதினால் நிற்காது. எந்த நாள், யார் முன்னிலையில், என்ன வார்த்தை சொன்னார், அதனால் எந்த வேலை தடைப்பட்டது என்று எழுதுங்கள்.

உங்கள் மேல் அவர் புகார் கொடுத்தால் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், உங்களுக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் உடனே ஒப்படையுங்கள். புகாரின் தன்மையைப் பொறுத்து, பில் விசாரணையையும் வேறொருவர் தொடர வேண்டிவரலாம். எப்படியானாலும் தண்டனையை முடிவு செய்பவர், விசாரித்த நீங்களாக இருக்கக் கூடாது. முடிவெடுப்பவர் தொகையை மட்டும் பார்க்காமல், எத்தனை முறை நடந்தது, மறைக்க முயன்றாரா, விதி அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததா, இதே தவறுக்கு முன்பு மற்றவருக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் சட்ட ஆலோசனை அவசியம்.

"விட்டுடுங்க" என்ற மேனேஜருக்கு வருகிறேன். அந்த பில்களில் ஒப்புதல் கையெழுத்து அவருடையதுதானா என்று இன்றே பாருங்கள். அவருடையது என்றால் அவர் சாட்சி. முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடமில்லை. எதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார் என்று, ஊழியரைச் சந்திப்பதற்கு முன்பே அவரைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.