பழைய அரசு மருத்துவமனை வளாகத்தில் வணிக வளாகம்: தடுக்க வழி உண்டா?

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவில் நூறாண்டுப் பழைய அரசு மருத்துவமனைக் கட்டடமும் மரத்தோப்பும் உள்ளன. அந்த நிலத்தை நிறுவனப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்துள்ளது. இடிக்காமல் தடுக்க முடியுமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 'பழமையானது, இடிக்காதீர்கள்' என்ற ஒரே வாதம் போதாது. நீங்கள் பார்த்தது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி நடக்கும் நில உபயோக மாற்றம். சென்னையில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும், 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தையே (மாஸ்டர் பிளான்) அந்த ஒரு சர்வே எண்ணுக்காகத் திருத்துகிறார்கள். கட்டடம் கட்டுவதற்கான திட்ட அனுமதி அதற்குப் பிறகுதான். ஆகவே பேச வேண்டிய நேரம் இதுதான்.

அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) ஆட்சேபனை கொடுங்கள். சர்வே எண், பிளாக் எண், கிராமம், அறிவிப்புத் தேதி நான்கும் வேண்டும். ஐந்நூறு பேர் கையெழுத்திட்டாலும் சர்வே எண் இல்லாத மனு உரிய கோப்பைச் சேராமல் போகலாம். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) மனுவும் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்குள் கெடு முடிந்துவிடும். எனவே ஆட்சேபனை முதலில், ஆவணங்கள் கூடுதல் மனுவாகப் பின்னால். நில உபயோக வரைபடத்தையும், மருத்துவமனைக்கு நிலம் தந்த அரசாணை அல்லது தானப் பத்திரத்தையும் கேளுங்கள். 'மருத்துவத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு யாரேனும் தானமாகத் தந்திருந்தால், உங்கள் கையில் அதைவிட வலுவான காகிதம் இருக்காது. தோப்பு தனி உட்பிரிவாகத் திறந்தவெளிப் பயன்பாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது.

புராதனக் கட்டடம் என்ற வாதம் பட்டியலைப் பொறுத்தது. மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தொடர்பான 2010 தீர்ப்பில், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலை உயர் நீதிமன்றம் ஏற்றது. அதில் உங்கள் கட்டடம் இருந்தால், புராதனப் பாதுகாப்புக் குழுவின் கருத்து பெறப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். சேர்க்கச் சொல்லித் தனி மனு கொடுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்: 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை.

இப்போதே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், ஆட்சேபனை நிலுவையில் இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பக்கூடும். கட்டடம் விழுந்த பிறகு போட்டால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. உங்கள் ஆட்சேபனையைப் பரிசீலிக்காமல் ஆணை பிறப்பித்தால், அந்த வாரமே தடை மனுவோடு அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் தாக்கல் செய்யுங்கள். முத்திரையிட்ட அந்த நகல் அப்போது முதல் ஆவணமாக வேண்டும்.